ஒரு வாயோடு நிறுத்தக்கூடாது

நாகவல்லி: நட. திரும்பிப் பாக்காத.

தங்கவேல்: அக்கா, மெதுவா... செருப்பு லூசா கீது. கழண்டுகினு போவுது.

நாகவல்லி: உன் செருப்பு எப்பட்றா லூசாவும்?

தங்கவேல்: இது என் செருப்பு இல்ல. நீ கையப் புடிச்சி இழுத்தே. வாசல்ல கெடந்தத மாட்டிகினு வந்துட்டேன்.

நாகவல்லி: யாரு செருப்புடா அது?

தங்கவேல்: பெருசா கீது... பொண்ணோட அப்பாவுதுன்னு நெனைக்கிறேன்.

நாகவல்லி: போச்சி. பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணோட அப்பா வாயில கேசரியத் திணிச்சே. போதாதுன்னு அந்த மனுசன் செருப்பையும் மாட்டிகினு வந்துட்டே.

தங்கவேல்: திணிக்கல அக்கா. ஊட்டி வுட்டேன்.

நாகவல்லி: அவுரு இன்னா கைக்கொழந்தையா? மீச கீதுடா அவுருக்கு!

தங்கவேல்: மீசையில ஒட்டாமதான் வெச்சேன்.

நாகவல்லி: வாய மூடு. ஒரு தபா வெச்சே... சரி, ஏதோ கை தவறிச்சின்னு சொல்லிக்கலாம். ரெண்டாவது தபா எதுக்குடா வெச்சே?

தங்கவேல்: ஒரு வாயோட நிறுத்தக்கூடாது. மரியாதி இல்ல.

நாகவல்லி: எந்த ஊரு மரியாதி?

தங்கவேல்: எத்தியோப்பியாவுல.

நாகவல்லி: இது நெமிலிச்சேரிடா!

தங்கவேல்: தெரியுது...

நாகவல்லி: இப்பத் தெரியுது. ஒக்காரு அந்த பிளாட்பாரத்து பெஞ்சில. அண்ணனூர் வண்டி எப்ப?

தங்கவேல்: இப்பத்தான் ஒண்ணு போச்சாம்.

நாகவல்லி: அதுவும் போச்சா. நாலு வருசமா அந்த ஊர்ல கணக்கு வாத்தியார் வேல பாத்தியா, ஆயா வேல பாத்தியா?

தங்கவேல்: அங்க எல்லாருமே ஊட்டுவாங்க அக்கா. பெரிய தட்டு ஒண்ணு. அது முழுக்க நம்ம ஆப்பம் மாதிரி, புளிச்ச மாவுல சுட்டது. சுத்தி ஒக்காந்து ஒரே தட்டுல சாப்டுவாங்க. பக்கத்துல கீறவங்கள புடிச்சிப்போச்சின்னா, ஒரு வாய் உருட்டி அவங்க வாயில வெப்பாங்க.

நாகவல்லி: எச்சக் கையாலயா?

தங்கவேல்: தண்ணி ஊத்தி கைகழுவ வெச்சிட்டுத்தான் தட்டையே கொண்டாருவாங்க.

நாகவல்லி: பெரிய மனுசங்களுக்குமா?

தங்கவேல்: ஹெட்மாஸ்டர் எனக்கு ஊட்டினாரு. இன்ஸ்பெக்சனுக்கு வந்த ஆபீசருக்கு நான் ஊட்டினேன்.

நாகவல்லி: ஆபீசர் வாயிலயா? ...உன்ன வேலைய வுட்டுத் தூக்கலயா?

தங்கவேல்: பர்மனென்ட் பண்ணாரு.

நாகவல்லி: அதுக்குன்னு அம்மாம் பெருசாவா உருட்டுவே?

தங்கவேல்: எவ்ளோ பெருசோ அவ்ளோ பிரியம்னு அர்த்தம். எலுமிச்சம்பழ சைஸ்தான்...

நாகவல்லி: எலுமிச்சம்பழமா? தேங்காடா அது! மனுசன் ரெண்டு கன்னமும் உப்பிகினு, மூச்சு வுட முடியாம முழிச்சாரு. புரோக்கர் வீராசாமிக்கு பஜ்ஜி பொற ஏறி, முதுகுல ரெண்டு தட்டு தட்ட வேண்டியதாப் போச்சி. பொண்ணோட அத்த பொன்னம்மா "இன்னா இது, இன்னா இது"ன்னு எழுந்துகினாங்க. நான் மட்டும் சமாளிக்கலன்னா...

தங்கவேல்: நீ ஏன் அப்டி சொன்னே?

நாகவல்லி: வேற இன்னா சொல்றது? "இது எங்க வம்சத்து வழக்கம், சம்பந்தம் பேசப் போனா ஊட்டி வுடுவோம்"னு சொன்னேன். இல்லன்னா உனுக்குப் பைத்தியம்னு நெனச்சிகினு இருப்பாங்க.

தங்கவேல்: அதனாலதான் அந்த அத்த "அப்ப எனுக்கு?"ன்னு கேட்டாங்க.

நாகவல்லி: கேட்டாங்களே. வாயத் தெறந்துகினு நின்னாங்களே. நானும் ஒரு பஜ்ஜிய எடுத்து வெச்சேன். அந்தம்மா சும்மா இருந்திச்சா? மரியாதி தெரிஞ்ச பொம்பள. திருப்பி எனக்கு ஒண்ணு வெச்சிச்சி.

தங்கவேல்: வாழக்கா பஜ்ஜிதான?

நாகவல்லி: மொளகா பஜ்ஜி. முழு மொளகா. சிரிச்சே, தள்ளி வுட்ருவேன்.

தங்கவேல்: சிரிக்கல. அதான் உன் கண்ணுல தண்ணியா?

நாகவல்லி: அவங்க எல்லாம் நான் பாசத்துல அழுவறேன்னு நெனச்சாங்க. பொன்னம்மா என்னக் கட்டிப் புடிச்சிகினு அதுவும் அழுவுது. என்னால துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல.

தங்கவேல்: ரெண்டாவது வெக்கலியா?

நாகவல்லி: டேய்! நீ வெச்சதுக்கப்பறம் பொண்ணோட அப்பா ஒரு வார்த்த பேசினாராடா? மென்னாரு. முழுங்கினாரு. எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாரு. திரும்பி வரவே இல்ல. அப்பவே முடிஞ்சி போச்சி. ஏன்டா இப்டி பண்ணே?

தங்கவேல்: பழக்கம் அக்கா. கை தானா போச்சி.

நாகவல்லி: மூணு எடம் போனோம். ஆப்பிரிக்கான்னு சொன்னதும் மூணு பேரும் டூ-இன்-ஒன் ரேடியோ கொண்டாந்தியா, சிங்கம் கீதான்னு கேட்டுட்டு, பொண்ணு தரமாட்டோம்னுட்டாங்க. இந்த ஒரு ஊட்லதான் பேச்சு இவ்ளோ தூரம் வந்திச்சி. அடுத்த வாரம் நீ பிளேன் ஏறணும். அப்பறம் லீவு ரெண்டு வருசம் கழிச்சி. தலையில முடி நிக்குமா அதுவரைக்கும்?

தங்கவேல்: அக்கா... அந்தப் பொண்ணு...

நாகவல்லி: லோகநாயகி.

தங்கவேல்: லோகநாயகி, காப்பி குடுக்கறச்ச மெதுவா ஒண்ணு கேட்டா.

நாகவல்லி: சம்பளமா?

தங்கவேல்: "உங்க கிளாஸ்ல பசங்க பேரெல்லாம் இன்னா?"ன்னு. அல்மாஸ், கெபெதே, செலாம்னு சொன்னேன். ஒவ்வொண்ணா திருப்பி சொன்னா. சிரிக்காம சொன்னா. இந்த ஊர்ல யாருமே அத எங்கிட்ட கேட்டது இல்ல.

நாகவல்லி: நான்கூடக் கேக்கல.

தங்கவேல்: நீகூடக் கேக்கல.

நாகவல்லி: ...அப்ப உனுக்குப் புடிச்சிருக்கு.

தங்கவேல்: ம்.

நாகவல்லி: புடிச்சவ வாயில வெக்காம அவ அப்பா வாயில போயி வெச்சிகீறியேடா, பாவி.

தங்கவேல்: அவ வாயில வெச்சிருந்தா ஒத வுழுந்திருக்கும்.

நாகவல்லி: இப்ப மட்டும் வுழாதா?

தங்கவேல்: அக்கா.

நாகவல்லி: இன்னா?

தங்கவேல்: பிளாட்பாரத்து அந்தாண்ட கோடி... வெள்ளச் சட்ட.

நாகவல்லி: ஐயோ. பொண்ணோட அப்பா கங்காதரனேதான். வேகமா வராரு. செருப்பால அடிக்கத்தான் வராரு.

தங்கவேல்: அவுரு செருப்பு என் கால்ல கீது.

நாகவல்லி: உன் செருப்பு அவுரு கால்ல கீதே!

தங்கவேல்: ...அது புதுசு அக்கா. வலிக்கும்.

நாகவல்லி: எழுந்து நில்லு. கையக் கட்டு. கட்டினா அந்தக் கை வேற எங்கயும் போவாது.

கங்காதரன்: ஒக்காரும்மா. ஒக்காரு தம்பி. ...அப்பாடா. இன்னா செருப்பு இது, இந்தக் கடி கடிக்குது.

தங்கவேல்: மன்னிச்சிக்கங்க சார். அவசரத்துல மாட்டிகினு...

கங்காதரன்: ம்.

நாகவல்லி: அண்ணே, எதுனா பேசுங்கண்ணே. பயமா கீது.

கங்காதரன்: மூஞ்சி கழுவிகினு வரலாம்னு தோட்டத்துப் பக்கம் போனேன். வந்து பாத்தா நீங்களும் இல்ல, என் செருப்பும் இல்ல.

நாகவல்லி: கோவிச்சிகினு போனீங்கன்னு நெனச்சோம்ணே.

கங்காதரன்: அது உங்க வம்சத்து வழக்கம்னு சொன்னியேம்மா. நெசமா?

நாகவல்லி: ஆ... ஆமாண்ணே. எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து.

தங்கவேல்: அக்கா...

நாகவல்லி: நீ சும்மா கெட. இவன் ரொம்ப நாளா வெளியூர்ல கீறான், இவனுக்கு ஒண்ணும் தெரியாது.

கங்காதரன்: எங்க ஊட்லயும் அதே வழக்கம்தான்.

நாகவல்லி: ...இன்னாது?

கங்காதரன்: பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கு நாங்க திருப்பி ஊட்டணும். பதட்டத்துல மறந்துட்டேன். அதான் ஓடியாறேன். இந்த டப்பாவுல கேசரி கீது. வாயத் தெற தம்பி.

தங்கவேல்: இங்கயா? ஜனங்க பாக்கறாங்க...

கங்காதரன்: என் ஊட்ல ஜனங்க பாக்கலியா? தெற.

தங்கவேல்: ஆ... ம்ம்... ம்ம்ம்...

நாகவல்லி: அண்ணே, மெல்ல! மூச்சு வுடட்டும்!

கங்காதரன்: இரும்மா, இன்னொண்ணு கீது. "அவுரு ரெண்டு தபா வெச்சாரு நைனா, நீ ஒண்ணோட நிறுத்திடாத"ன்னு எங்க பாப்பா லோகநாயகி சொல்லி அனுப்பிச்சா.

தங்கவேல்: ம்ம்ம்!

கங்காதரன்: மென்னுக்கோ. மென்னுகினே கேளு. ஊட்ல நான் உன்னாண்ட ஒண்ணு கேட்டேன். அம்மா இல்லாத பொண்ணு, அவ்ளோ தூரம் வந்தா அவளுக்கு அங்க யாரு கீறாங்கன்னு. நீ பதிலே சொல்லல.

தங்கவேல்: சொன்னேன்.

கங்காதரன்: எப்ப?

தங்கவேல்: வாயில வெச்சனே.

நாகவல்லி: டேய், பழக்கம்னியே? கை தானா போச்சின்னியே?

தங்கவேல்: பழக்கமும்தான். ஆனா... போன புதுசுல ஸ்கூல் வுட்டா ரூமுக்கு வந்து செவுத்தப் பாத்துகினு ஒக்காந்திருப்பேன். பாஷ தெரியாது. சோறு எறங்காது. கூட வேல பாக்கற தடெஸ்ஸேன்னு ஒரு வாத்தியார் அவுரு ஊட்டுக்கு இட்டுகினு போனாரு. தட்டு முன்னாடி ஒக்காந்தேன்... கை போவல. அவுரு அம்மா ஏதோ கேட்டாங்க. எனக்குப் புரியல. அப்பறம் அவங்க கேக்கல. ஒரு வாய் உருட்டி வெச்சாங்க. நான் அழுதேன். ஒடனே இன்னொரு வாய் வெச்சாங்க. இன்னிக்கு நீங்க அந்தக் கேள்விய கேட்டுட்டு தட்டத் தொடவே இல்ல. எனக்கு வேற எப்டி சொல்றதுன்னு தெரியல சார்.

கங்காதரன்: அந்தம்மா இன்னும் கீறாங்களா?

தங்கவேல்: கீறாங்க. "சீக்கிரம் கட்டிகினு வா, அவளுக்கும் நான்தான் ஊட்டுவேன்"னு சொல்லி அனுப்பிச்சாங்க.

கங்காதரன்: ...அப்ப சரி. செருப்பக் குடு. கால் எரியுது.

தங்கவேல்: சரின்னா... சார், சரின்னா...

கங்காதரன்: சார் இன்னா சார்? மாமான்னு கூப்டு.

நாகவல்லி: தெய்வமே! இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா உனுக்கு? பழக்கம், பழக்கம்னுகினு...

தங்கவேல்: கூச்சமா இருந்திச்சி.

நாகவல்லி: ஊட்டறதுக்கு இல்லாத கூச்சம்! ...ஆனா பாருங்கண்ணே, எப்டி அமையுது. ரெண்டு வம்சத்துலயும் ஒரே வழக்கம்! இந்தப் பக்கம் வேற யாராண்டயும் கெடையாது.

கங்காதரன்: எங்க வம்சத்துல ஏதும்மா அந்த வழக்கம்? எனக்கு மீச மொளச்சதுலேர்ந்து எவனும் என் வாயில ஒரு பருக்க வெச்சது கெடையாது. தம்பிக்கோசரம் நீ கூசாம ஒரு பொய் சொன்னே. முழு மொளகாய வாயில வெச்சிகினு அதக் காப்பாத்துனே. நீ எதுக்கு அழுதேன்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கத்துலேர்ந்து நானும் ஒரு பொய் சொன்னாத்தான சம்பந்தி, சரிசமமா இருக்கும்? ...இந்தா, டப்பாவப் புடி. மீதி உனுக்குத்தான். தைரியமா சாப்டு, மொளகா இல்ல.