விளக்கு அணையும் வரை

மார்ச் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், வானொலி நிலையத்தின் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில், என் மாமனார் தமது சிம்பொனி இசைக்குழுவை நடத்திக் கடைசிப் பதிவை முடித்தார். குளிர்சாதனத்தை நிறுத்தியிருந்தோம், அதன் இரைச்சல் மைக்கில் விழும். எல்லோருக்கும் வியர்த்தது. அவருக்கு மட்டும் அதிகமாக வியர்த்தது என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு வியர்வை தெரியாது.

என் வேலை ஒட்டுவது. இசைக்குழு ஒரே பகுதியை நாலைந்து முறை வாசிக்கும். ஒன்றில் தொடக்கம் நன்றாக அமையும், இன்னொன்றில் முடிவு. நல்லதை நல்லதோடு ஒட்டி, ஒரே மூச்சில் வாசித்ததுபோல ஆக்குவேன். அவருடைய பதிவுகள் என்று கொண்டாடப்படுபவை எல்லாம் அப்படி உருவானவைதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் மாமா என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வார்:

"இவர் நம்ம வீட்டுத் தையல்காரர். நான் கிழிச்சா இவர் தைப்பார். தைச்சவர் யாருன்னு எவனும் கேக்க மாட்டான், அதான் இவரோட திறமை."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அவருடைய சிம்பொனிப் பதிவுகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக வெளியிட ஏற்பாடாகியிருந்தது. கடைசி சிம்பொனியின் கடைசிப் பகுதியில் பாதியை முந்தைய ஆண்டே பதிந்திருந்தோம். மீதியைப் பதிவதற்குள் அவர் வீட்டில் மயங்கி விழுந்தார். இதயம் தறிகெட்டு ஓடுகிறது என்று மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. நன்றாகத் தூங்கினார், பேத்தியிடம்கூடச் சிரித்துப் பேசினார். ஆனால் இதயத்தோடு சேர்ந்து கையும் நிதானமாகிவிட்டது. புதிதாகப் பதிந்தது பழையதைவிட மெதுவாக நடந்தது. இரண்டையும் ஒட்டினால், ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று நொண்டியதுபோல இருந்தது.

குழுவில் எல்லோருக்கும் தெரியும். பூனைக்கு யார் மணி கட்டுவது? நான்தான் கட்டினேன்.

"மாமா, போன வருஷத்தைவிட மெதுவா போகுது. ஒட்ட மாட்டேங்குது."

"ஒட்டலைன்னா தையல்காரனை மாத்தணும் மாப்ளே. துணியை மாத்த முடியாது."

செலோ வாசிக்கும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் குனியவில்லை.

அன்று காரில் போகும்போது அவரே சொன்னார்: "இதை முடிக்காம செத்தேன்னா, பாதியில விட்டுட்டுப் போனவன்னுதான்யா சொல்வானுங்க." இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் விரும்பியதைத்தான் நான் செய்தேன்.

அவருடைய மாத்திரைப் பெட்டியை வாராவாரம் நிரப்புவது என் மனைவி. அலுவலகமும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தாள். இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அப்பா உங்களை என்ன பேசினாலும், நீங்க அவர்மேல அக்கறையாத்தான் இருக்கீங்க" என்று கண் கலங்கினாள். சத்து மாத்திரையும் அதே அளவு, அதே வெள்ளை. அவள் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த இதய மாத்திரை அட்டைகள் என் மேசை இழுப்பறையில் இருந்தவைதான். அவற்றை நான் ஒளித்து வைக்கவில்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை. விலை கூடிய மருந்து.

சில நாட்களில் பழைய வேகம் திரும்பியது. "பாத்தியா, கை வந்துடுச்சு" என்றார். கை அவருடையது என்றே நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எரிகிறவரை பதிவு ஓடுகிறது என்று பொருள். கடைசி ஒலி கூடத்தில் அடங்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது. விதி அவருடையது. விளக்கு அணையுமுன் தாளைப் புரட்டிய ஒரு வயலின்காரரை அன்றே வீட்டுக்கு அனுப்பியவர் அவர். விளக்கின் விசை என் மேசையில் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தே நடத்தினார். வேகம் அடி பிசகவில்லை. கடைசி ஒலி எழுந்ததும் கண்ணை மூடினார்; தலை மார்பில் சாய்ந்தது. ஒலி அடங்குவதை அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பார். பிறகு இசை நடத்தும் குச்சி கையிலிருந்து நழுவியது. செலோ அம்மா அவரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அசையாமல் இருந்தார். குழு முழுவதும் வில்லைத் தூக்கியபடி, மூச்சை அடக்கியபடி இருந்தது.

ஒலி அடங்கியது. நான் விளக்கை அணைக்கவில்லை. நல்ல முடிவுக்கு நீண்ட மௌனம் தேவை.

பிறகு அந்த அம்மா நடைபாதையில் அழுதார். "லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சே சார். கேட்டுட்டு இருக்கார்னுல்ல நெனச்சேன்." நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். உடனே கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதை நீங்கள் சொல்லித்தான் அறிகிறேன்.

தொகுப்பு வெளிவந்தது. பழைய பாதியும் புதிய பாதியும் சேரும் இடத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசி மௌனம்தான் அவர் விட்டுச்சென்ற சொத்து என்று ஒரு விமர்சகர் எழுதினார். கூடவரும் சிறுநூலில் பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

அத்தனை ஆண்டுப் பதிவுகளிலும் இருமல், நாற்காலி முனகல், தாள் சரசரப்பு எதையும் நான் விட்டுவைத்ததில்லை. கடைசி மௌனத்தில் மட்டும் குச்சி தரையில் விழும் சத்தம் இருக்கிறது. எடுப்பது ஒரு நிமிட வேலை.

தொகுப்பு இப்போது இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. அந்தச் சத்தம் அதிலும் இருக்கிறது.