அவிட்டம் பிறக்குமுன்

பழைய மணிக்கூடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற பிழை, அதை வாசற்கதவுக்கு நேரெதிரே மாட்டுவதுதான். வருகிறவர் கண்ணில் உடனே படவேண்டும் என்ற ஆசை. ஆனால் கதவுக்கு நேரே காற்று வரும். எங்கள் ஓர்ஸ் ஹில் பக்கத்துக் காற்றென்றால் துறைமுகத்து உப்பையும் சுமந்துகொண்டு வரும். இரண்டு மாரி போவதற்குள் உள்ளே இருக்கிற பித்தளைச் சில்லெல்லாம் பச்சை பிடித்துவிடும். ஆகவே பக்கச் சுவரில் மாட்டவேண்டும். கீழே ஒடுக்கமாக ஒரு மேசை போடலாம். மேசைமேல் பூச்சாடி வைக்கக்கூடாது. வைத்தால் ஹோட்டல் வாசல் மாதிரி ஆகிவிடும்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. வாக்குமூலத்துக்கு இது எதற்கு என்று பார்க்கிறீர்கள். இதுதான் வாக்குமூலம். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

நான் சேர்ப்பது ரெயில்வே மணிக்கூடுகள் மட்டும். குயில் கூவுகிறது, பொம்மை ஆடுகிறது எல்லாம் எனக்குச் சரிவராது. ரெயில்வே மணிக்கூடு உத்தியோகம் பார்த்த மணிக்கூடு. வெள்ளை முகம், கறுப்பு இலக்கம், நடுவில் சி.ஜி.ஆர். என்று வெள்ளைக்காரன் காலத்து எழுத்து மூன்று. என் முன் ஹோலின் இரண்டு சுவர்களிலும் அவைதான். ஸ்டேசன் மாஸ்டர் அறையில் தொங்கியது, சிக்னல் அறையில் தொங்கியது, பயணிகள் அண்ணாந்து பார்த்த இரட்டை முகத்து பிளாட்போம் மணிக்கூடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் பார்த்து, சுவருக்கு வெளிறிய பச்சை பூசி, கதிரைகளைக்கூட அவற்றுக்கு ஏற்றபடி தாழ்வாகச் செய்வித்திருந்தேன். பழைய சாமான் கடை அஸீம் மலைநாட்டுப் பக்கமெல்லாம் அலைந்து எனக்கு எடுத்துத் தருவார்.

"சேர், சனம் கோச்சி பிடிக்க மணிக்கூடு பாக்கும். நீங்க மணிக்கூட்டுக்காகக் கோச்சியையே நிப்பாட்டிப்போடுவீங்க போல" என்று சிரிப்பார்.

என் அக்கா கமலேஸ்வரியும் சிரிப்பவர்தான். லிங்கநகரில் தனியாக இருந்தார், கல்யாணம் செய்யவில்லை. வருகிற நேரமெல்லாம் ஹோல் வாசலில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்.

"டேய் சசி, உத்தியோகம் பாத்த காலம் முழுக்கக் கந்தோருக்குப் பிந்திப் போன ஆள் நீ. பென்சன் எடுத்தாப்பிறகு உனக்கு ஏனடா இவ்வளவு நேரம்?"

சுதர்ஷினி, என் மனைவி, குசினிக்குள் நின்று கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் நேரம் பார்ப்பது கைத்தொலைபேசியில். நான் கோபிக்கவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு யாராவது பழைய கோபம், பகை என்று கதை கட்டலாம். அக்காவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது சுதர்ஷினி அவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதுவும் சரிதான், தனி மனுஷியை எங்கே விடுவது? ஆனால் கட்டிலை ஹோலில் போட்டாள். பிளாட்போம் மணிக்கூட்டின் கீழே ஒரு கொமட் கதிரை. ஸ்டேசன் மாஸ்டர் மணிக்கூட்டின் ஒடுக்கமான மேசையில் குளிசைப் போத்தல்கள். கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற கீர்த்தனி என்ற பிள்ளை, வந்த முதல் நாளே தன் கைப்பையைச் சிக்னல் அறை மணிக்கூட்டின் கொக்கியில் மாட்டினாள். எழுந்துபோய்ப் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு சஞ்சிகைக்காரர் கதைத்தார்கள். வீட்டு அலங்காரச் சஞ்சிகை. என் ஹோலைப் படம் பிடித்து நடுப்பக்கத்தில் போடப் போகிறார்களாம். அடுத்த மாதம் வருகிறோம் என்றார்கள். அக்கா அதற்குள் போய்விடுவார் என்று நான் கணக்குப் பார்த்தேன். அப்படிச் சொல்வது கேட்பதற்கு நன்றாக இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் நோயாளி உள்ள எல்லாரும் மனதுக்குள் பார்க்கிற கணக்குத்தான் அது.

சிக்கலைத் தொடக்கி வைத்தது சுதர்ஷினி. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் தகப்பனார் நிலாவெளியில் செத்த கதையை எடுத்தாள். அவர் சதய நட்சத்திரத்தில் போனவர். நீங்கள் மூதூர் முஸ்லிம் ஆள், உங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் இல்லை, ஆகவே விளக்குகிறேன். அவிட்டத்தில் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரம் வரிசையாக வரும். அந்த நாட்களில் உயிர் போனால் பஞ்சமி என்கிற தோஷம். உயிர் போன அறையை ஆறு மாதம் அடைத்து வைக்கவேண்டும். ஒருவரும் உள்ளே போகக்கூடாது.

"ஆறு மாசம் கழிச்சுத் திறந்தால், அலுமாரியைத் தொட்டவுடன மாவாக் கொட்டுண்டுது. எல்லாம் கறையான்" என்றாள்.

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். மணிக்கூட்டுக்குக் கறையான் ஒரு பக்கம். அதைவிட, வாரம் ஒருமுறை முறுக்காவிட்டால் அவை நின்றுவிடும். நின்ற மணிக்கூட்டில் எண்ணெய் இறுகும். இறுகிய எண்ணெயில் உப்பு ஒட்டும். ஆறு மாதம், அதுவும் மாரிக்காலத்தோடு.

"கட்டிலைப் பின் அறைக்கு மாத்துவம்" என்றேன்.

"அங்க காத்து இல்லை. அக்கா அவிஞ்சு போவா."

"ஹோலில எண்டால் எனக்குக் கொஞ்சம் யோசினையாக் கிடக்கு."

"என்ன யோசினை? உங்கட மணிக்கூடுதானே? கழட்டிப் பின் அறையில வையுங்கோ."

ஒன்றும் தெரியாதவர்கள் இப்படித்தான் லேசாகச் சொல்வார்கள். ஒரு ஊசல் மணிக்கூட்டைக் கழற்றி வேறு சுவரில் மாட்டினால் அது பழைய ஓட்டத்துக்கு வர எவ்வளவு பாடு படவேண்டும் தெரியுமா? சுவர் மட்டம் பார்க்கவேண்டும், தட்டித் தட்டிச் சரிபண்ணவேண்டும், அப்படியும் சிலது வராது. பின் அறைச் சுவர் வேறு ஈரம். நான் அதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. நன்றாக யோசித்துத்தான் கைவிட்டேன்.

பிறகு பஞ்சாங்கம் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் திருவோணம் என்று போட்டிருந்தது. அது முடிந்தால் அவிட்டம். அவிட்டம் பிறந்தால் ஐந்து நாள் ஆபத்து. அந்த ஐந்து நாளில் அக்காவுக்கு ஏதாவது ஆனால்? ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதமும் அதே ஐந்து நாள் வரும். அதற்கடுத்த மாதமும் வரும். ஒரு மனிதன் எத்தனை மாதம் இப்படிப் பயந்து பயந்து சீவிப்பது?

டொக்டர் என்ன சொன்னார் என்று சற்று முன் கேட்டீர்கள். மறைக்கவில்லை, சொல்கிறேன். ஆபத்து தாண்டிவிட்டது, தைப்பொங்கலுக்கு ஊன்றுகோலோடு நடப்பா என்றார். டொக்டர்மார் அப்படித்தான் ஆறுதலுக்குச் சொல்வார்கள். திருவோணத்தன்று காலை அக்கா இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். மத்தியானத்துக்கு மீன் சொதி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். அணையப்போகிற விளக்கு ஒருமுறை சுடர்விட்டு எரியும் என்பார்கள், அதுதான் என்று நான் விளங்கிக்கொண்டேன். சுதர்ஷினிக்கு அது விளங்கவில்லை.

"தன்ர வாயால கேட்டவ, கண்டியளே" என்று அவளுக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். பின்னேரம் படகு வருகிற நேரத்துக்கு, நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வருகிறேன், இரவுக்குச் சொதி வைப்பம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த மூன்று நாளும் அப்படித்தான் இருந்தேன், பஞ்சாங்கம் மடியில். அக்கா என்னைப் பார்த்தார். வாய் கொஞ்சம் கோணல்தான், ஆனால் கதை தெளிவு.

"சசி, உனக்கு உந்த மணிக்கூடுகளிலதான் பட்சம் எண்டு நினைச்சனான். இப்ப பாத்தால் என்ர பக்கத்தை விட்டு அசையிறாய் இல்லை."

"ஓம் அக்கா" என்றேன்.

"நான் எழும்பி நடந்தவுடன உனக்கு ஒரு மணிக்கூடு வாங்கித் தருவன். அஸீமிட்டச் சொல்லு, நல்லதாப் பாக்கச் சொல்லி."

நல்ல மனுஷி. பிறகு கண்ணை மூடினார். விழித்திருக்கும் ஆளைத் தொந்தரவு செய்வது முறையில்லை என்று அதுவரை பொறுத்திருந்தேன். தலையணை உறை அன்று காலைதான் மாற்றியது. அதிக நேரம் எடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் நான் எதிர்பாராதது. அவருடைய இடது கை, விழுந்துபோன கை, மேலே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாகத்தான் பிடித்தது. அந்தப் பிள்ளை கீர்த்தனி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் தலையணையைத் தட்டி, தலைக்குக் கீழே வைத்தேன். பிளாட்போம் மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தேன். அவிட்டம் பிறக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. மனதில் அப்படி ஒரு நிம்மதி.

சுதர்ஷினி மீனோடு வந்து அழுதாள். அயலட்டைச் சனம் வந்தது. நோயாளி போனது யாருக்கும் புதினமாகப் படவில்லை. ஐயரும் வந்தார். உயிர் பிரிந்த நேரம் கேட்டார். எந்த வீட்டிலும் அவருக்கு அப்படித் துல்லியமான பதில் கிடைத்திருக்காது. சொல்லிவிட்டு, "நல்ல காலம் ஐயா, திருவோணம்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

ஐயர் தன் பஞ்சாங்கத்தை விரித்தார். கண்ணாடியை ஏற்றினார். "அவிட்டம் மத்தியானமே பிறந்திட்டுதே" என்றார்.

"இல்லை ஐயா, இரவுதான் பிறக்குது. திருக்கணிதத்தில பாத்தனான்."

"நான் வாக்கியம் பாக்கிறனான்."

இதையும் உங்களுக்கு விளக்கவேண்டும். எங்களுக்குப் பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியம் பழைய சூத்திரத்தை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் வானத்தில் கிரகம் இப்போது நிற்கிற இடத்தை வைத்துக் கணிப்பது. ஒரே நட்சத்திரம் இரண்டிலும் சில மணித்தியாலம் முந்திப் பிந்திப் பிறக்கும். நான் துல்லியமானதைத்தானே எடுப்பேன்? என்னைப் போன்ற ஒருவன் வேறு எதை எடுப்பான்? பிழை என்னுடையதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐயரோடு வாதாடினேன். ஆள் விடவில்லை.

"உங்கட தகப்பனாருக்குத் திவசம் எதில செய்யிறியள்? வாக்கியத்தில. வருசப் பிறப்புக்கு மருத்துநீர் வைச்சு முழுக நேரம் எதில பாத்தனீங்கள்? வாக்கியம். செத்த வீட்டுக்கு மட்டும் உங்களுக்குத் திருக்கணிதமோ?"

சனத்துக்குள் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. சுதர்ஷினி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னத்துக்கு இதில நிண்டு வாதாடுறியள்? அக்கா போயிட்டா. ஒரு அறை ஆறு மாசம் பூட்டிக் கிடந்தால் என்ன?"

அடுத்த நாள் அக்காவை எரித்துவிட்டு வந்தோம். சுதர்ஷினி ஹோலைப் பூட்டித் திறப்பைச் சாமி அறையில் வைத்தாள். பின் கதவால்தான் இப்போது போய்வருகிறோம்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் உங்கள் தாள் போதாது. பூட்டிய கதவில் காதை வைத்துக்கொண்டு இருந்தேன். முதலில் சிக்னல் அறை மணிக்கூடு நின்றது. பிறகு ஸ்டேசன் மாஸ்டர். ஒவ்வொன்றாக. கடைசியாகப் பிளாட்போம் மணிக்கூடு, இழுத்து இழுத்து, தொண்டையில் சளி கட்டியதுபோல ஒரு சத்தம், அதோடு சரி. நான் அழுதேன் ஐயா. சுதர்ஷினி அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். சஞ்சிகைக்காரருக்கு விஷயம் சொன்னேன். அனுதாபம் தெரிவித்துவிட்டு, காலியில் யாரோ ஒருவரின் பழைய லாம்புகளைப் படம் பிடிக்கப் போய்விட்டார்கள். லாம்பு.

நேற்றுச் சுதர்ஷினியிடம் கெஞ்சினேன். ஒரேயொரு தடவை, முறுக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

"அக்காவின்ர ஆத்துமா உள்ளுக்க இருக்கு. பொலிசே வந்து கேட்டாலும் திறக்கமாட்டன்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. ஐயர் சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் கேட்கமாட்டாள். ஆனால் கொலை நடந்த அறை என்றால் நீங்கள் திறந்துதானே ஆகவேண்டும். அதனால்தான் இன்று காலை நானாகவே வந்தேன். நீங்கள் மனச்சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள், அதிலும் பிழையில்லை.

உள்ளே போகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். விரலடையாளம் எடுக்கிற மாவை மணிக்கூட்டுப் பக்கம் தூவவேண்டாம். முறுக்கும்போது வலிந்து முறுக்கக்கூடாது, இறுகுகிற இடத்தில் விட்டுவிடவேண்டும். என்னையும் விலங்கோடு கூட்டிப்போனால் நானே செய்துவிடுவேன். கட்டில், தலையணை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம். இடமும் கிடைக்கும்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

"அறைக்கு சீல் வெக்கணும்" என்கிறீர்கள். "வழக்கு முடியும்வரைக்கும் ஒருத்தரும் உள்ளுக்குப் போக ஏலா."

வழக்கு முடிய எவ்வளவு காலம் போகும் ஐயா?

ஏழெட்டு வருடமா?

அப்படியென்றால் அந்தத் தாளை இப்படித் தாருங்கள். அக்கா தானாகத்தான் போனார். ஆறு மாதம் என்றால் நான் ஒருமாதிரிச் சமாளித்துக்கொள்வேன்.