என் நாத்தனார் பிள்ளைகளின் பற்கள்

அவையை நடத்தும் நடுவர் பெருந்தகை ஆம்ப்ரோஸ் அவர்களே! மலைப்பாதைச் சேற்றில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்த பெரியோர்களே! மடியில் பின்னல் ஊசியும் மனத்தில் முடிவுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வாக்கு அட்டையை இப்போதே விசிறியாக்கிவிட்ட தோழர்களே! லெனோரின் பணிவான வணக்கம்.

பல் சொத்தையைத் தடுக்க நம் குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு உப்பைச் சேர்க்கலாமா, கூடாதா? நான்காண்டுக்கு முன் இதே கூடத்தில் இதே கேள்வி எழுந்தது. கூடாது என்று முழங்கியது யார்? நான்! பதினான்கு தாய்மார்களைத் திரட்டி வந்து அட்டை உயர்த்த வைத்தது யார்? நான்! பதினோரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. இன்று, சேர்த்தே ஆகவேண்டும் என்று கேட்க வந்திருப்பதும் நானேதான்!

"என்ன லெனோர், காத்து திசை மாறிடுச்சா?" என்கிறது பின்வரிசை. சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் வாழ்கிறாள் என் நாத்தனார் கொரின். பல் மருத்துவமனையில் வேலை. அந்த ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டு. அவள் பிள்ளைகள் மூவர். மூவர் வாயிலும் முத்துச்சரம்! அந்த வாக்கெடுப்புக்கு முந்தைய நன்றித் திருநாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊர்ல பைப்பத் தொறந்தா பல்லுக்குக் காவல் வருது. உங்க ஊர்ல என்னடி வருது, துருவா?" மேசையே சிரித்தது. எல்லோரையும்விட நீளமாகச் சிரித்தவர் என் கணவர்.

அன்றைக்கே முடிவு செய்தேன். கொரின் நல்லதென்று சொன்ன எதுவும் என் ஊருக்குள் நுழையக்கூடாது! நான் வேதியியல் படித்தவள்; படித்தவள் சொல்கிறாளே என்று நீங்கள் நம்பினீர்கள். நான் ஏட்டைப் புரட்டினேனா? எண்ணைப் பார்த்தேனா? இல்லை. பொறாமையில் பேசினேன். பொறாமையையே உங்கள் குவளையில் ஊற்றிக் கொடுத்தேன்!

போன மாதம் என் மகள் ஒடெட்டுக்கு, நான்கே வயதுக் குழந்தைக்கு, மயக்கம் கொடுத்து ஆறு பற்களைப் பிடுங்கினார்கள். முகமூடியை வைக்கும்போது கேட்டாள்: "அம்மா, அத்தை வீட்டுப் பசங்களுக்கும் இப்படித்தான் பண்ணாங்களா?" தண்ணீர் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். பழச்சாற்றுப் புட்டியோடு தூங்க வைத்தவள் நான். ஆனால் ஒரு காவல் இருந்தது. அதை வாசலிலேயே தடுத்தவளும் நான்.

"மருந்து வேணும்னா கடையில வாங்கிக்க! என் தண்ணியில எதுக்குக் கலக்குற?" என்கிறார் தீர்மானத்தை எதிர்க்கும் வெண்டல். நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது அவை விதி. ஆகவே, நடுவர் அவர்களே, உங்களைப் பார்த்தே சொல்கிறேன்: வெண்டல் வீட்டில் சொந்தக் கிணறு. ஊர்க்குழாய் அவர் வேலியைத் தாண்டியதே இல்லை!

கைதட்டாதீர்கள், அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேட்காமல் ஒருவர் குவளையில் ஒன்றைக் கலப்பது சின்ன விஷயமா? அதனால்தான் கூடிக் கேட்கிறோம். அளவு மிஞ்சினால் கெடுதலா? கெடுதல்தான். தினந்தோறும் அளந்து, அந்த எண்ணை அஞ்சலகச் சுவரில் ஒட்டவேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். நானே போய்ப் பார்ப்பேன். பயந்த தாயைவிடக் கடுமையான காவலாளி உண்டா?

"லெனோர், நேரமாச்சும்மா" என்கிறார் நடுவர். முடிக்கிறேன் ஐயா.

சுவரோரம் வெளியூரார் பெஞ்சில் கொரின் உட்கார்ந்திருக்கிறாள். அவையின் சம்மதமின்றி அவள் வாய் திறக்க முடியாது. நீங்கள் கேட்கவேண்டியது அரைகுறையாய்த் தெரிந்துகொண்டு பயந்த என்னையல்ல. பதினாறு ஆண்டுகளாகக் குழந்தைகளின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பவளை. அவளுக்குப் பேச அனுமதி தரும்படி முன்மொழிகிறேன்.

என்னைவிட நன்றாகப் பேசுவாள். என்னைவிட அதிகம் கைதட்டல் வாங்குவாள். சொல்லும்போதே வயிறு எரிகிறது. எரியட்டும்! இதோ, முதல் அட்டை என்னுடையது. நீங்களும் உயர்த்துங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கட்டும். வணக்கம்!