மெஷின் நின்றால்

— திரும்பவும் வயித்தைப் பிடிக்காதடி. வீட்லயே ரெண்டு தடவை போயிட்டு வந்துட்ட.

— அது வேற, அக்கா. இது உள்ள என்னமோ பிசையுது.

— மூச்சை மெதுவா இழு. டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கள்ல? இழுத்து, கொஞ்சம் வச்சிருந்து, விடு.

— விட்டா அழுகையும் சேர்ந்து வருது.

— அப்ப விடாத, வச்சுக்க! அட, சிரி சுண்டெலி. ஹால் டிக்கெட் எங்க?

— பாக்ஸுக்குள்ள. பென்சிலும் சீவியாச்சு. அக்கா, ஒரு பரீட்சைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பை? தூக்க முடியாம ஒரு பக்கமா சாஞ்சு நிக்குற.

— தைச்ச துணி. கடைல குடுக்கணும். நீ கேள்வியை மட்டும் யோசி. தெரிஞ்சதை முதல்ல எழுது. தெரியாததைத் தாண்டிப் போயிடு, கடைசில வந்து பாத்துக்கலாம்.

— வீட்ல எல்லாமே வருதுக்கா. இந்த ஸ்கூல் ஹால்லதான் ஒண்ணும் வராது. போன வாரம் மாதிரித் தேர்வுல பாத்தல்ல?

— அது மயக்கம். காலைல சாப்பிடாம போன.

— மயக்கம் இல்ல. நானாத்தான் எழுந்து போய் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். மயக்கம்னு டீச்சர்கிட்ட பொய் சொன்னேன்.

— அடிப்பாவி! ஏன்டி?

— இந்தாம்மா, கேட்டை மறிச்சுக்கிட்டு நிக்காத. பிள்ளையை சட்டுபுட்டுன்னு உள்ள அனுப்பு. பூட்டிட்டேன்னா அப்புறம் ராஜாவே வந்தாலும் திறக்க மாட்டேன்.

— ஒரு நிமிஷம், வாட்ச்மேன் அண்ணே. பிள்ளை பயப்படுறா.

— பயப்படாத பிள்ளை யாரு இங்க? இப்பதான் ஒருத்தன் அவங்கப்பா சட்டையிலயே வாந்தி எடுத்துட்டு உள்ள போறான். நீ எவ்வளவோ தேவலை, பாப்பா. சீக்கிரம் வா.

— சொல்லுடி. எதுக்கு ஒளிஞ்ச?

— எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க. டீச்சர் கூட. ஒரு சத்தமும் இல்ல.

— பரீட்சைன்னா அப்படித்தான் இருக்கும், குட்டி. அதுக்குத்தானே இந்த வாரம் பூரா நீ படிக்கும்போது நான் தையல் மெஷினையே மிதிக்கல? அமைதியா இருந்து பழகட்டும்னு.

— இந்த வாரம் நான் ஒரு வரி படிக்கல. வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— வாசலை எதுக்கு?

— நீதானே சொல்லிக் குடுத்த. மெஷின் சத்தம் நின்னா அப்பா தெருமுனைல வர்றாருன்னு அர்த்தம். உடனே புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி ஓடி, பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கணும். நீ தட்டுற வரைக்கும் வரக்கூடாது.

— அது... அது விளையாட்டுன்னுதானே சொன்னேன்.

— விளையாட்டுன்னா நீ ஏன்க்கா உதட்டுல ரத்தத்தோட வந்து கதவைத் தட்டுவ?

— மெதுவா பேசுடி.

— இன்னிக்கு அப்பா வேலைக்குப் போனப்புறமும் மெஷின் ஓடல. குளிச்சுக்கிட்டே காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். திரும்பி வந்துட்டாரோன்னு நினைச்சேன். அப்பலருந்துதான் பிசையுது.

— ஐயோ, சுண்டெலி. நான் ஒரு மக்கு. எனக்கு இது தோணவே இல்லையே.

— நான் ஃபெயிலானா, படிக்க வச்சது நீதானேன்னு அடி உனக்கு விழும். பாஸானா நான் இந்த ஸ்கூல் ஹாஸ்டலுக்கு வந்துடுவேன், நீ அந்த வீட்ல தனியா இருப்ப. எப்படிக்கா எழுதட்டும்?

— பாப்பா, மத்த பிள்ளைங்க எல்லாம் போயாச்சு. நீதான் கடைசி. சட்டுபுட்டுன்னு வா!

— வந்துடுவா அண்ணே, வந்துடுவா! இங்க பாரு, என்னைப் பாரு. உங்க ஹால் ஜன்னல் இந்தத் தெருவைத்தானே பாக்குது?

— ஆமா.

— எதிர்ல திரும்பு. யூனிஃபார்ம் கடை தெரியுதா? மேல பச்சை ஜன்னல்?

— உனக்குத் தைக்கத் துணி குடுக்குற அந்தம்மாவோட கடை.

— மேல் ரூமை எனக்குக் குடுத்துட்டாங்க. நீ குளிக்கப் போனப்பவே மெஷினை வண்டில ஏத்தி அனுப்பிட்டேன்.

— இல்லையே, மூடி வச்சிருந்துச்சே. நான் பாத்தேனே.

— நீ பாத்தது ஸ்டூல். மெஷின் துணியைப் போத்தி வச்சிருந்தேன்.

— அப்ப இந்தப் பைக்குள்ள...

— உன் துணியும் என் துணியும். பாஸோ ஃபெயிலோ, அந்த வீட்டுக்கு நாம திரும்பப் போகல.

— அப்பா தேடிக்கிட்டு வந்தா?

— வருவாரு.

— எனக்குப் பயமா இருக்குக்கா.

— எனக்கும்தான். ஆனா நீ போய் உக்காரு. நான் மேல போய் மிதிக்க ஆரம்பிக்குறேன், உனக்கு நல்லா கேக்கும். எந்த வாசல்ல யாரு வந்து நின்னாலும் சரி, நீ எழுதி முடிக்கிற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்.