தண்ணீர்ப் பொறுப்பு

எனக்குக் கோஷம் போட வரும் என்பதே நாற்பத்தேழு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை என் வாயில் நாலு குண்டூசிதான் இருக்கும். ஜாக்கெட் தைக்கிறவள் வாயில் வேறென்ன இருக்கும். நினைவு மலருக்காக வந்திருக்கிறீர்கள், பொதுவாழ்க்கைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அதனால் சந்தோஷமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். போனில் பதிவானாலும் பரவாயில்லை.

மரக்காணத்தில் என்னை டைலரம்மா என்பார்கள். பூங்காவனம் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை பேசுவார். ஒன்று சோறு, இன்னொன்று ரிமோட்டு. தையல் மிஷின் ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது.

கொளஞ்சியம்மாள் அக்கா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். ஜாக்கெட் தைக்க வரும்போதெல்லாம் ஒரு கவரில் புது உப்பு கொண்டுவந்து என் மிஷின் மேல் வைப்பார். "கடையில விக்கிறது உப்பாடி? அது பவுடரு. இதப் போட்டு மீன் கொழம்பு வையி, ஒம்புருசன் மூணாவது வார்த்தை பேசுவாரு" என்பார். அப்படி ஒரு வாய் அவருக்கு. அவர் வந்து போனால் அன்றைக்கு முழுக்கத் தையல் நேராக ஓடும்.

ஒரு நாள் உப்புக் கவரோடு ஒரு வெள்ளைத் துணிக் கட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குப் பேனர் தைக்க வேண்டும். உப்பளத்தில் குடிக்க ஒரு குழாய், நிழலுக்கு ஒரு கொட்டகை, இவ்வளவுதான் அவர்கள் கோரிக்கை. அந்த வெள்ளைக் காட்டில் சூரியன் மேலேயும் இருக்கும், காலுக்குக் கீழேயும் இருக்கும். வீட்டிலிருந்து சுமந்து போகிற தண்ணீர் பாதி வேலைக்கே தீர்ந்துவிடும். சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் அது உப்பாகப் போகிற தண்ணீர்.

தைத்துக் கொடுத்தேன். ஊர்வலத்தன்று பேனரின் ஒரு பக்கக் கம்பைப் பிடிக்க ஆள் வரவில்லை. "புடி பூங்காவனம், நீ தச்சதுதானே" என்று அக்கா கம்பை என் கையில் திணித்தார்.

அன்றைக்கு நடந்ததை எப்படிச் சொல்வது. இசிஆர் ரோட்டில் புதுச்சேரிக்குப் போகிற கார்களெல்லாம் நின்றன. எனக்காக ஒரு கார் நிற்பது அதுதான் முதல் தடவை. எனக்குப் பின்னால் யாரோ பெரிய குரலில் கோஷம் போடுவது போல இருக்க, திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கத்தியது நான்தான். அப்போது வந்த சிரிப்பை அடக்க முடியாமல் கம்பு ஆட, பேனர் ஆட, அக்காவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு தெருமுனைக் கூட்டம், கையெழுத்து இயக்கம், குட்டியானை வண்டியில் நின்றபடி ஊர் ஊராகப் பிரசாரம். பிரம்மதேசத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மைக் செட் கொடுத்தது கூனிமேட்டு முஜீப் ரஹ்மான். "அக்கா, ஒங்க தொண்டைக்கு மைக்கு தேவையில்ல. மைக்குக்குத்தான் நீங்க தேவை" என்றார். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை எனக்கு. கடைக்குப் போனால் பூங்காவனம்மா என்றார்கள். என் பெயரை மற்றவர்கள் வாயில் கேட்பது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களைச் சின்ன வயதிலிருந்தே கூப்பிட்டிருப்பார்கள்.

அதிகாரிகள் மசியவில்லை. அக்கா உண்ணாவிரதம் உட்காருவது என்று முடிவானது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டோம். பந்தலுக்கு முன்னால் உப்பளத்திலிருந்து கொண்டுவந்த உப்பைக் குவியலாகக் கொட்டிக் கொடி நட்டோம். அது என் யோசனை. பார்க்கிறவர்களெல்லாம் அதைப் படம் எடுத்தார்கள்.

தண்ணீர்ப் பொறுப்பும் என்னிடம்தான் வந்தது. ஜான்சி சிஸ்டர் தனியார் கிளினிக்கில் நர்ஸ், எங்கள் ஆதரவாளர். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார். "வெயில் காலம். தண்ணி நெறைய குடுங்க. ஆனா ஒவ்வொரு பாட்டில்லயும் சின்ன ஸ்பூனால உப்பு போட்டுக் கலக்கணும். சோறும் இல்லாம உப்பும் இல்லாம வெறுந்தண்ணி மட்டும் போனா ஆளையே சாச்சிடும்." ஒரு சின்ன டப்பாவில் உப்பும் ஸ்பூனும் கொடுத்துவிட்டு, தங்கை பிரசவத்துக்கு விழுப்புரம் போனார். நான் ஒழுங்காகக் கலக்கினேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் என்னவென்றால் அக்கா நன்றாக இருந்தார். நாட்கள் போகப் போக இன்னும் நன்றாக இருந்தார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கிண்டலடித்தார். பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிக்கிறவளுக்காக யார் ரோட்டில் உட்காருவார்கள். கூட்டம் கரைந்தது. டிவிக்காரர்கள் ஒரு தடவை வந்து உப்புக் குவியலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சங்கச் செயலாளர் மணிவண்ணன் என்னிடம் வந்தார். "ஆபீசர் பாக்கலாம்னு சொல்லிட்டாருங்க. அது போதும். நாளன்னிக்கு ஜூஸ் குடுத்து முடிச்சிக்கலாம்" என்றார். சரி என்றேன். வீட்டுக்குப் போனேன். மிஷின் மேல் தூசி படிந்திருந்தது. வீட்டுக்காரர் தலையைத் திருப்பாமல் சோறு என்றார். நான் பரிமாறினேன். மறுபடியும் குண்டூசியைக் கவ்விக்கொண்டு இந்த வீட்டில் உட்கார என்னால் முடியாது என்று தோன்றியது.

முதல் பாட்டில் மறதிதான். அதை நம்புங்கள். மறுநாள் காலையில் மைக்கில் பேசுகிற அவசரத்தில் உப்பு போடாமல் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அக்கா பந்தல் காலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவ்வளவு அழகாக இருந்தது. யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். ராத்திரிக்குள் ஊர் திரண்டுவிட்டது. கூனிமேட்டிலிருந்து பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஜூஸ் பேச்சை மணிவண்ணனே மறந்துபோனார். நான் பேசினேன். கடல் மாதிரி கைத்தட்டல் வந்தது.

அதற்குப் பிறகு கொடுத்ததெல்லாம் மறதி இல்லை.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். உப்பிலேயே கிடந்தவருக்குத் தெரியாமலா போகும். "தண்ணி சப்புன்னு இருக்குதே, உப்பு போட்டியாடி?" என்றார். "போட்டேங்க்கா. பட்டினியில நாக்கு செத்துப்போயிருக்கும்" என்றேன். "இருக்கும், இருக்கும். ஒனக்குத் தெரியாததா" என்று பாட்டிலைக் காலி செய்தார். இன்னொன்று கொடுத்தேன். அதையும் குடித்தார். விழுப்புரத்திலிருந்து ஜான்சி போனில் கேட்டபோது, "போடாம இருப்பனா சிஸ்டர்" என்றேன். என்னை அவர் நம்பியதில் தப்பே இல்லை. உப்பு விளைகிற ஊரில், உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு உப்பு இல்லாமல் போகும் என்று யாருக்குத் தோன்றும்.

கூட்டம் கூடிக்கொண்டே போனது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. தூக்கம் இல்லை, பசி இல்லை, பதினெட்டு வயது போல இருந்தது. டிவி வண்டிகள் வரிசையாக நின்றன. அக்கா என்னை மட்டும் அடையாளம் கண்டுகொண்டிருந்தார், பிறகு என்னையும் யாரென்று தெரியவில்லை அவருக்கு. கை நடுங்கியது. அந்தக் கையைத் தூக்கி உப்புக் குவியலைக் காட்டி, "உப்பு, உப்பு" என்றார்.

பந்தலே அழுதது. சாகிற நேரத்திலும் செய்கிற தொழிலை மறக்கவில்லையே என்று ஆண்கள் கூடத் தேம்பினார்கள். அவர் என்ன கேட்டார் என்று அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். குவியல் அவர் கைக்கு எட்டவில்லை, என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் மைக்கை எடுத்தேன். "எங்க அக்கா உப்பைக் கேக்குறாங்க, ஒங்க காதுல விழுதா" என்றேன். அத்தனை பேரும் உப்பு, உப்பு என்று முழங்கினார்கள். அதைவிடப் பெரிய பேச்சை நான் இன்றுவரை பேசியதில்லை.

ஆம்புலன்ஸில் போகும்போதே அக்காவின் உயிர் போய்விட்டது. கோரிக்கை மறுநாளே கையெழுத்தானது. இப்போது உப்பளத்தில் குழாய் இருக்கிறது, கொட்டகை இருக்கிறது, கொட்டகையில் அக்கா படம் இருக்கிறது. போய்ப் பாருங்கள், தண்ணீர் நன்றாக இருக்கும்.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தண்ணியில எதாவது கலந்தீங்களாம்மா?" ஒன்றும் கலக்கவில்லை சார் என்றேன். பாட்டில்களைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுத்தமான தண்ணீர் என்று வந்தது. பொய் சொன்னால்தானே பயப்பட வேண்டும்.

போராட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒன்று கொடுத்தார்கள். முஜீப் மைக் கொடுத்தார், மணிவண்ணன் பந்தல் கொடுத்தார். நான் கொளஞ்சியம்மாள் அக்காவைக் கொடுத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் கொடுத்த கடைசிக் கவர் உப்பை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். தினமும் நினைக்கிறேன்.

இதையெல்லாம் மலரில் போட இடம் இருக்குமோ என்னவோ. கடைசிப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு மட்டும் மறக்காமல் போடுங்கள். உப்பளத்தில் வேலை இல்லாத மழை மாதங்களுக்கு நிவாரணம் கேட்டு, வருகிற திங்கட்கிழமை எங்கள் சங்கத்துச் சகாயமேரி உண்ணாவிரதம் உட்காருகிறாள். நல்ல பெண், திடமான உடம்பு, கலகலவென்று சிரிப்பாள். தண்ணீர்ப் பொறுப்பு யாருக்கு என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாரை நம்புவார்கள், பாவம். ஜான்சியின் அந்த டப்பா என்னிடம்தான் இருக்கிறது, கழுவிக் காயவைத்துவிட்டேன். இந்த முறை உப்பு போடுவேன். கூட்டம் மட்டும் ஒழுங்காக வரட்டும்.