ஐலண்ட் வைக்க இடம்

– அந்த டேப்ப நேரா புடிங்க. வளைச்சுப் புடிச்சா எந்த அடுப்படியும் சின்னதாத்தான் தெரியும்.

– நேராத்தான் புடிக்கிறேன் ஆமினா. பத்தாது. ஐலண்டுன்னு நடுவுல மேடை போட்டா, சுத்தி மூணடி விடணும்னு ஜெலாப்பாங்குல அந்த அடுப்படி மேடைக் கடைக்காரன் சொன்னானா இல்லியா?

– ரெண்டரை விட்டாலும் போதும்னுதான் சொன்னான். நாம ரெண்டு பேருதானே நடக்கப் போறோம், கல்யாணக் கூட்டமா வரப் போவுது?

– பிரிட்ஜ் கதவு தொறந்தா அதுல இடிக்கும்.

– பிரிட்ஜ ஹாலுக்குத் தள்ளிடலாம்.

– நல்லா இருக்குலா. வாரவங்க ஸலாம் சொல்லிட்டு, மீன் இருக்கான்னு தொறந்து பாத்துட்டு உக்காரட்டும்.

– கேலியெல்லாம் உங்க சாப்பாட்டுக் கடையில வச்சுக்கங்க. அங்கதான் தாவூத் அண்ணே, தாவூத் அண்ணேன்னு சிரிக்க ஆளு இருக்கு.

– ஏன் புள்ள, நாள் முழுக்க கடையில மேசை தொடைக்கிறவன் நான். வீட்டுக்கு வந்தாலும் ஒரு மேசையா? பெருநாளைக்கு நம்ம மவ ஆஃப்ஷீன் ஆயர் தாவார்லேருந்து புள்ளைங்களோட வருவா. இந்தத் தரையில சுத்தி உக்காந்து எல்லாரும் ஒரே சஹன்லதானே சாப்புடுவோம். அவ்வளவு பெரிய தட்ட ஐலண்ட் மேல வச்சு, ஸ்டூல்ல ஏறி உக்காந்தா சாப்புடுறது?

– போன பெருநாளைக்கு யாரு உக்காந்தா? சஹன எறக்கவே இல்ல. அவ புள்ளைங்களுக்குத் தனித்தனியாப் போட்டுக் குடுத்து ஹால்லயே சாப்புட வச்சா. அவளும் இந்தப் பக்கம் வர மாட்டேங்கிறா, பாத்தீங்களா?

– பாத்தேன்.

– பாத்து என்ன செஞ்சீங்க? சுபுஹு தொழுதுட்டுக் கடைக்குப் போயிடுறீங்க. நாள் பூரா இங்க கெடக்கிறது யாரு?

– சரி, மேடைதானே, ஜன்னலோரமா ஒன்னு கட்டுவோம். நடுவுல வேணாம்.

– நடுவுலதான் வேணும்.

– அதான் ஏன்னு கேக்குறேன்.

– தெரியாத மாதிரி கேக்காதீங்க. நிஹால் மவுத்தான அன்னைக்கு அவனக் குளிப்பாட்டுன எடம் அது.

– ஆமினா.

– சொல்லிட்டேன். ஒரு வருசமா மென்னு முழுங்கிக்கிட்டு இருந்தேன், இன்னைக்குச் சொல்லிட்டேன். பள்ளிவாசல்லயே குளிப்பாட்டி, கஃபனிட்டு அடக்கிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்கதான் ஒத்தக் கால்ல நின்னீங்க, எம்மவன் எம்வீட்டுலேருந்துதான் போவணும்னு.

– லோரிக்காரன் அடிச்சு ரோட்டுல போட்டுட்டுப் போயிட்டான். அப்பறம் ஆஸ்பத்திரில ஐஸ்ல வச்சிருந்தாங்க. இன்னொரு வேத்து எடத்துல அவனக் கெடத்த எனக்கு மனசு வரல.

– உங்களுக்கு மனசு வரல. நான் தெனம் சோத்துப்பானையத் தூக்கிக்கிட்டு செவுத்தோட ஒட்டி நடக்கிறேன், எம்புள்ள கெடந்த எடத்த மிதிச்சிடக் கூடாதுன்னு. அன்னைக்கும் கிட்ட விடல. ஆம்பளைங்க குளிப்பாட்டட்டும்னு குறுக்க பத்தேக் துணியக் கட்டிட்டீங்க. தண்ணி ஊத்துற சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு.

– வீட்ட வித்துடலாமா? தாப்பா பக்கம் எங்கயாச்சும் போலாம்.

– அவன விட்டுட்டா?

– அப்ப கல்ல வச்சு மூடிட்டா எல்லாம் சரியாயிடுமா, புள்ள?

– ஆவாது. ஒன்னும் சரியாவாதுன்னு எனக்குத் தெரியும். மனசு பதறாம நின்னு ஆக்குறதுக்கு ஒரு எடம் வேணும், அவ்வளவுதான். வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட?

– நீ எதுவுமே கேட்டதில்ல.

– நாளைக்கு ஆளுங்க வாராங்க. அடுப்பும் சிங்கும் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். இந்தாங்க, சாக்பீசு. தலமாடு எது, கால்மாடு எதுன்னு கோடு போட்டுக் குடுங்க. அவன் கெடந்த எடம் ஒரு சாண் கூட வெளிய இருக்கக் கூடாது.

– வேணாம் ஆமினா. இத இப்படியே விட்டுடு.

– ஏங்க, கோட்டப் போடுங்க.

– நடுவுல தண்ணி ஓடாதுன்னு அவன நாங்க அங்க கெடத்தல, புள்ள. சிங்குக்கு முன்னால, நீ தெனம் நின்னு மீன் கழுவுறியே, அங்கதான் கெடத்துனோம்.