செடிக்கு வைத்த தண்ணீர்

பூச்சி தின்னும் செடிக்கே பூச்சி பிடிக்கும் என்றால் யாரும் நம்புவதில்லை, ஐயா. நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. வாய் மாதிரி இரண்டு இலையை விரித்துக்கொண்டு, ஈ எப்போது வரும் என்று காத்திருக்கும் செடி அது. ஆனால் அசுவினி என்று கடுகைவிடச் சின்னதாக ஒரு பச்சைப் பூச்சி இருக்கிறது. அது அந்த வாய்க்குள் போகாது. குருத்துக்கடியில் கும்பலாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். செடிக்கு வாய் இருந்து என்ன, முதுகைச் சொறியக் கை வேண்டாமா? அந்தக் கைதான் நான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்சில் ஒரு கீறல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பூதக்கண்ணாடியும் ஈரத் தூரிகையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு அசுவினியாகத் துடைத்தெடுப்பேன். ரொம்பப் பிடித்துவிட்டால் தொட்டியோடு தண்ணீரில் முக்கி வைப்பேன். பூச்சி மூச்சுமுட்டிச் சாகும், செடி ஒன்றும் ஆகாமல் வெளியே வரும். எல்லாம் விதையிலிருந்து நான் வளர்த்தவை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். எல்லாரும் போடுகிறார்கள்.

என் கொழுந்தன் ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். எந்த வாரம் என்று நாங்கள் கேட்கவில்லை, அது எங்கள் தப்பு. நல்ல பையன்தான். நாற்பதைத் தாண்டிய பையன். சோபாவில் அவன் படுத்த இடம் பள்ளமாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம், "அண்ணி வளர்க்கிற செடி பூச்சியைத் தின்னும், பூச்சி செடியைத் தின்னும், நடுவுல அண்ணன்தான் பட்டினி" என்பான். முதல் தடவை நானும் சிரித்தேன். என் கணவர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். "விடும்மா, அவன் வெகுளி" என்பார். அந்த வெகுளிக்குச் சாப்பாட்டு நேரம் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

இந்தச் செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. எங்கள் குழாயில் வருவதோ உப்புத் தண்ணீர், வாளியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதனால் காய்ச்சி வடித்த தண்ணீரை பாட்டிலில் வாங்கி, சமையலறை மூலையில் வைத்திருப்பேன். அதை ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தது அவன். குடித்ததுகூடப் பரவாயில்லை. எனக்குத் தெரியக்கூடாது என்று, காலி பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, பழையபடி மூலையில் வைத்துவிடுவான். அதை நான் என் கையாலேயே செடிக்கு ஊற்றினேன். இலையோரம் கருகியபோது பூச்சிதான் என்று நினைத்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இல்லாத பூச்சியைத் தேடினேன். செடிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் ஒரே ஒரு செடி மிஞ்சியது.

ஒருநாள் அவன் பாட்டிலும் கையுமாகக் குழாயடியில் நிற்பதைப் பார்த்துவிட்டேன். அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "தண்ணிதானே அண்ணி. செடிக்கு என்ன நாக்கா இருக்கு, ருசி பார்க்க?"

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது, கடையில் கேட்டுப்பாருங்கள். கணவரிடம் சொன்னேன். "ஒரு செடிக்காகக் கூடப்பிறந்தவனை வெளியே போன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் நான் அவனை வெளியே போகச் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு பாட்டிலில் பூச்சிமருந்தைக் கலந்தேன். மிஞ்சிய செடியைக் காப்பாற்றத்தான் என்று முதலிலேயே சொன்னேன், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அதை ஃபிரிட்ஜில் வைத்தது மட்டும் கொஞ்சம் வழக்கத்துக்கு மாறானது, ஒத்துக்கொள்கிறேன். அவன் வந்து எடுத்தான். மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"ஏதோ வாடை அடிக்குதே. இதைக் குடிக்கலாமா அண்ணி?"

எங்கள் வீட்டில் அவன் ஒன்றைக் கேட்டுவிட்டு எடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"புது பாட்டில், பிளாஸ்டிக் வாடையா இருக்கும். குடிப்பா" என்றேன்.

வெளியே என் கணவர் அழுதுகொண்டிருக்கிறார் என்கிறீர்கள். அவருக்கு இளகிய மனசு. செடிகள் போனபோது அழவில்லை, அது வேறு விஷயம். நான் இங்கே இருக்கும்வரை அந்த ஒரு செடிக்கு நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்றும்படி அவரிடம் சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பாட்டிலில் மீதியிருந்ததை நான் ஏன் செடிக்கு ஊற்றவில்லை என்றா கேட்கிறீர்கள்? என்ன ஐயா நீங்கள். அந்த மருந்து பட்டால் செடி செத்துவிடாதா?